அப்பாவின் எழுத்து சின்னதாகிக்கொண்டே வருகிறது: கோளாறு கையிலா, மூளையிலா?

தங்கச்சிமடம்_மகள் | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்கு நானே கேட்க வேண்டிய காரியம் வந்துவிட்டது.

என் அப்பாவுக்கு 67 வயது. முப்பது வருஷத்துக்கு மேல் மீன் ஏலக்கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். எந்த வத்தைப் படகில் எத்தனை கிலோ நகரை மீன் வந்தது, யாருக்கு எவ்வளவு முன்பணம் போனது என்பதெல்லாம் அவர் நோட்டில் இருக்கும். நிமிர்ந்த எழுத்து, வரி பிசகாது. பழைய ஆள் என்பதால் 'விலை' என்று எழுதும்போது அந்த 'லை'க்கு, தனியாக 'ை' போடாமல், இன்றைக்கும் எழுத்தோடு ஒட்டி வளையும் யானைத் தும்பிக்கை போடுவார். 1978-ல் அரசு எழுத்தை மாற்றியபோது அவர் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டார். கை பழைய வழியிலேயே நின்றுவிட்டது.

நேற்றுப் பரணிலிருந்து 2009-ம் வருஷ நோட்டு ஒன்றை எடுத்து, இப்போது வீட்டுச் செலவு எழுதும் நோட்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். பழைய நோட்டில் அந்தத் தும்பிக்கை மேல்கோட்டைத் தொட்டு வளைந்து இறங்குகிறது. புது நோட்டில் வரி தொடங்கும்போது ஓரளவு தெரிகிறது, வரி முடிவதற்குள் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிடுகிறது. கடைசி வார்த்தையைப் படிக்கப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்க வேண்டியிருந்தது. கண்ணாடி போன வருஷம்தான் மாற்றினோம். கை நடுக்கம் எதுவும் இல்லை.

வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை மூன்று தடவை திருப்பிவிட்டார்கள். "கையெழுத்து ஒத்துவரல, நீங்கதான் போட்டீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதியவர், அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. ஒரு டாக்டரிடம் காட்டினோம். வயசாகிவிட்டது என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

வயசானால் எழுத்து சின்னதாகுமா? கை நன்றாக இருக்கும்போது எழுத்து மட்டும் எப்படிக் கெடும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கச்சான்காற்று | ஞாயிறு, இரவு 10.15

தங்கச்சி, படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. ஊருக்கே கணக்கு எழுதின மனுஷனிடம் அப்படிக் கேட்கலாமா?

விஞ்ஞானம் எனக்குத் தெரியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன், யாராவது சொல்லுங்கள். என் மாமா ஒருவர் பாம்பனில் இருக்கிறார். திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தால் வலது கை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவதுபோல ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் வலை ஊசியைக் கையில் எடுத்துவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். கிழிந்த கண்ணியை ஒழுங்காக முடிந்துவிடுவார், முன்னைவிட மெதுவாக. அதனால் அது பழக்கதோஷம் என்று வீட்டில் விட்டுவிட்டோம். இதுவும் அதுவும் ஒன்றா?


எழுத்து_ரசிகன் | ஞாயிறு, இரவு 10.50

கையெழுத்து மனசின் கண்ணாடி. எழுத்து சுருங்கினால் தன்னம்பிக்கை சுருங்குகிறது என்று அர்த்தம். வேலையை விட்ட பிறகு அப்பா மனசு ஒடிந்திருப்பார். தினமும் பெரிய எழுத்தாக எழுதிப் பழகச் சொல்லுங்கள், மனசும் மாறும். கையெழுத்தை வைத்துக் குணம் சொல்வதைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன்.


இயன்முறை_ராம்நாடு | திங்கள், காலை 6.30

நான் ராமநாதபுரத்தில் இயன்முறை சிகிச்சை செய்பவள். நோயாளியை நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்க மாட்டேன், வைக்கவும் கூடாது. ஆனால் தங்கச்சி எழுதியதில் ஒரு வரி என்னை உலுக்கிவிட்டது: வரியின் தொடக்கத்தில் பெரிதாக இருந்து, போகப் போகச் சின்னதாகிறது.

வயசானால் எழுத்து மெதுவாகும், கொஞ்சம் கோணும். இப்படிப் போகப் போகச் சுருங்குவதை வயசின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. உடல் அசைவை நடத்தும் மூளைப் பகுதி மெல்லப் பழுதாகும் பார்க்கின்சன் நோயில் இது நன்றாகத் தெரிந்த ஓர் அறிகுறி. சிலருக்கு நடுக்கம் வருவதற்கு முன்பே வரும். நடுக்கம் இல்லை என்பதால் அந்த நோய் இல்லை என்று ஆகாது.

சில கேள்விகள். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டி இருக்கிறதா? குரல் இறங்கியிருக்கிறதா? தூக்கத்தில் கை கால் உதைத்துச் சத்தம் போடுகிறாரா? மலச்சிக்கல் உண்டா? வாசனை தெரிகிறதா?

எழுத்து ரசிகன் ஐயா, கோபிக்காதீர்கள். எழுத்தை வைத்துக் குணம் சொல்வதைப் பலமுறை முறையாகச் சோதித்துப் பார்த்தும் அது தேறவில்லை. இரண்டு கையெழுத்தும் ஒரே ஆளுடையதா என்று பார்க்கும் தடயவியல் வேறு, அதற்கு முறை இருக்கிறது. ஒரு நோயாளியிடம் "உங்களுக்குத் தன்னம்பிக்கை இல்லை" என்று சொல்லி அனுப்பினால் வீணாகும் மாதங்களுக்கு யார் பொறுப்பு?

கச்சான்காற்று தம்பி, மாமாவை வீட்டில் விட்டு வைக்காதீர்கள். சும்மா இருக்கும்போது ஆடி, வேலை செய்யும்போது அடங்கும் நடுக்கம் ஒரு வகை. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போதும் எழுதும்போதும் அதிகமாகும் நடுக்கம் வேறு வகை. இரண்டாவது வகைக்காரர்களின் எழுத்து பெரும்பாலும் சுருங்காது, அலை அலையாக நெளியும். ஒரு தாளில் சுருள் வட்டம் வரையச் சொன்னாலே வித்தியாசம் ஓரளவு தெரிந்துவிடும். மாமாவுக்கு நீங்கள் சொல்வது முதல் வகை. நரம்பியல் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

இன்னொன்று, இதைப் படிக்கும் எல்லோருக்கும். மாதக்கணக்கில் மெல்ல மாறும் எழுத்து ஒரு விஷயம். காலையில் நன்றாக எழுதியவர் மத்தியானம் பேனா பிடிக்க முடியவில்லை, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம். தூங்கி எழுந்தால் சரியாகும் என்று இருக்கக் கூடாது. உடனே 108. மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. தீவிலிருந்து பாலம் தாண்டி வரும் நேரமும் அந்தக் கணக்கில்தான் கழியும்.


தங்கச்சிமடம்_மகள் | திங்கள், காலை 7.05

அக்கா, வாசனை என்று கேட்டதும் கை நடுங்கிவிட்டது.

இரண்டு வருஷமாக அம்மா இதைச் சொல்லித்தான் சண்டை போடுகிறாள். அடுப்பில் கருவாடு கருகி வீடே புகைந்தாலும் பக்கத்து அறையில் இருக்கும் அப்பா எழுந்து வர மாட்டார். "மூக்கு செத்துப்போச்சா?" என்று கேட்பாள். முன்பெல்லாம் பெட்டியைத் திறக்கும் முன்பே மோந்து பார்த்து, இது நேற்றைய மீன், ஏலத்தில் விடாதே என்று சொல்லக்கூடியவர். ஏலக்கடையில் இருந்தே மூக்கு மரத்துவிட்டது என்று நாங்களாக முடிவுகட்டிவிட்டோம்.

தூக்கத்தில் கத்துவதும் உண்டு. வலது கை வீசுவதில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது.


இயன்முறை_ராம்நாடு | திங்கள், காலை 7.20

உங்களை நொந்துகொள்ளாதீர்கள். தனித்தனியாகப் பார்த்தால் யாருக்கும் தோன்றாது. மோப்பம் குறைவது, தூக்கத்தில் உதைப்பது எல்லாம் கை கால் அறிகுறிகளுக்குப் பல வருஷம் முன்பே வரலாம். இந்த வாரமே மதுரையில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். இரண்டு நோட்டையும் கூட எடுத்துப் போங்கள். பல பரிசோதனைச் சீட்டுகளைவிட அந்த இரண்டு நோட்டு டாக்டருக்கு அதிகம் சொல்லும்.


மண்டபத்துக்காரன் | திங்கள், இரவு 11.10

ஊர் மண்டபம். சென்னையில் உடல் அசைவுகளை மூளை எப்படி நடத்துகிறது என்பதில் ஆராய்ச்சி மாணவன். அக்கா மருத்துவத்தைச் சொல்லிவிட்டார்கள். "கை நன்றாக இருக்கும்போது எழுத்து மட்டும் எப்படிக் கெடும்?" என்ற கேள்விக்கு நான் முயல்கிறேன்.

முதலில் ஒரு சோதனை. இடது கையால் வலது முழங்கைக்குக் கீழே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வலது கை விரல்களை மடக்கி நீட்டுங்கள். சதை உருளுவது தெரியும். விரலை மடக்கும் தசை விரலுக்குள் இல்லை. சில தசைகள் உள்ளங்கையில், பெரியவை முன்கையில். அங்கிருந்து கயிறு மாதிரி தசைநாண்கள் மணிக்கட்டு வழியாகப் போய் விரலை இழுக்கின்றன. கயிற்றை இங்கே இழுத்தால் பாய் அங்கே திரும்புகிறதே, அதே ஏற்பாடு. ஒரு 'ழ' எழுத எந்தக் கயிற்றை எப்போது, எவ்வளவு இழுப்பது என்பதை மூளை சொல்லியாக வேண்டும்.

அதையும் எழுதும்போதே பார்த்துப் பார்த்துத் திருத்த முடியாது. பழகிய கையில் பேனாவின் ஒரு சிறு இழுப்புக்கு ஏறக்குறைய ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்குதான் ஆகிறது. கண் பார்த்து, மூளை யோசித்து, கை திருந்துவதற்குள் பேனா அடுத்த வளைவுக்குப் போய்விடும். ஆகவே எழுத்தின் வடிவம் முன்கூட்டியே மூளையில் தயாராக இருந்தாக வேண்டும். அப்பாவின் தும்பிக்கை 'லை' அப்படி ஒரு சேமிப்பு. அரசாணை வந்தாலும் அது அழியாது.

அது கைக்கென்று மட்டும் சேமித்ததும் இல்லை. போன பொங்கலுக்கு ஊர் வந்தபோது தனுஷ்கோடியில் இதைச் செய்து பார்த்தேன். ஈர மணலில் வலது கால் பெருவிரலால் என் பெயரை எழுதினேன். வாழ்க்கையில் காலால் ஒரு எழுத்தும் எழுதிப் பழகியதில்லை. கோணல்மாணல்தான். ஆனால் என் சுழியை நான் தேவைக்கு மேல் நீட்டிவிடும் வழக்கம் அப்படியே மணலில் கிடந்தது. கூட வந்த தங்கை, "அண்ணே, இது உன் நோட்டு மாதிரியே இருக்கு" என்றாள். அடுத்த அலை வந்து அழிக்கும் முன் படம் எடுத்துக்கொண்டேன்.

ரஷ்யாவில் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன் என்ற அறிஞர் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கவனித்தார். உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளிகளை 1920-களில் படம்பிடித்துப் பார்த்தார். தோள், முழங்கை, மணிக்கட்டு ஒவ்வோர் அடிக்கும் வேறு வேறு மாதிரி அசைகின்றன, சுத்தியலின் முனை மட்டும் ஏறக்குறைய ஒரே பாதையில் போகிறது. மூளைக்கு முக்கியம் முனையின் பாதை. மூட்டுகள் அதற்கேற்பத் தங்களுக்குள் சமாளித்துக்கொள்கின்றன. எழுத்திலும் அதேதான். 1999-ல் ஜெர்மனியில் ஆட்களைக் கால் விரலால் கையெழுத்துப் போடச் சொல்லி மூளையைப் படம் எடுத்தார்கள். கையால் போடும்போது வேலை செய்த பகுதிகள் காலால் போடும்போதும் வேலை செய்தன.

நாளைக்குத் தொடர்கிறேன். எழுத்து ஏன் *சுருங்குகிறது* என்பது இன்னும் பாக்கி.


உச்சிப்புளி டீச்சர் | செவ்வாய், மாலை 5.45

மண்டபத்துத் தம்பி, நன்றாகச் சொன்னீர்கள். இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். நோட்டில் எழுதும்போது விரலும் மணிக்கட்டும்தான் அசையும், பலகையில் தோளே வேலை செய்யும். ஆனாலும் பிள்ளைகள் இரண்டையும் பார்த்தவுடன் "டீச்சர் எழுத்து" என்று சொல்லிவிடுவார்கள். ஏன் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

என் வகுப்பில் ஒரு பையன். அப்பா நாட்டுப்படகுக்காரர். பையன் தூண்டில் முள்ளில் முடிச்சுப் போடும் வேகத்தைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். பென்சிலைப் பிடித்தால் 'ண'வுக்கு மூன்று சுழி சேர்வதற்குள் வியர்த்துவிடும். ஒரே கைதானே? சோம்பேறி என்று அவனைத் திட்டியிருக்கிறேன். இப்போது அந்தத் திட்டு நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.


மண்டபத்துக்காரன் | செவ்வாய், இரவு 10.30

டீச்சர், அந்தப் பையன் சோம்பேறி இல்லை. கைத்திறன் என்பது ஒரு பொதுப் பணப்பை மாதிரி எதற்கும் எடுத்துச் செலவழிக்கக் கூடியதில்லை. முடிச்சுக்கான பாதையை மூளை முடிச்சுப் போட்டே கற்கிறது, எழுத்துக்கான பாதையை எழுதியே கற்கிறது. எழுத்தில் இன்னொரு சுமையும் உண்டு. ஒலியை நினைத்து, அதற்கான வடிவத்தைத் தேடி, பிறகு கைக்கு அனுப்ப வேண்டும். மூளையின் இடது முன்பகுதியில் எழுத்துக்கென்று ஓர் இடம் இருக்கலாம் என்று வியன்னாவில் எக்ஸ்னர் என்ற அறிஞர் 1881-லேயே சொன்னார். அந்த இடத்தைப் பற்றி இன்றுவரை வாதம் ஓயவில்லை, ஆனால் எழுதும்போது அது வேலை செய்வதைப் படத்தில் பார்க்கிறோம். முடிச்சில் தேர்ந்தவன் எழுத்தில் தடுமாறினால் அது கற்றல் குறைபாடாகவும் இருக்கலாம். ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது. தேர்வில் சொல்வதை எழுத ஆள், கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு வழி இருக்கிறது.

சரி, சுருங்குவதற்கு வருகிறேன். டீச்சர் தன் பெயரை நோட்டிலும் பலகையிலும் எழுதி, போனில் நேரம் பாருங்கள். பலகையில் பல மடங்கு பெரிசு, ஆனால் நேரம் அதே மடங்கில் கூடாது, ஏறக்குறைய பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். எழுத்து பெரிதானால் கை தானாக வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. அதாவது வடிவம் ஒரு பக்கம், "எவ்வளவு பெரிசு, எவ்வளவு வேகம்" என்ற அளவு இன்னொரு பக்கம். மூளை இரண்டையும் தனித்தனியாகப் பிடித்து வைத்திருக்கிறது.

அந்த அளவை நிர்ணயிப்பதில் மூளையின் அடியாழத்தில் இருக்கும் சில முடிச்சுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அடித்தள முடிச்சுகள் என்பார்கள். அவை ஒழுங்காக நடக்க டோபமைன் என்ற வேதிப்பொருள் வேண்டும். அதைத் தயாரிக்கும் செல்கள், கருநிறமாக இருக்கும் ஒரு சின்ன இடத்தில் இருக்கின்றன. பார்க்கின்சன் நோயில் அந்தச் செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயை விவரித்தார், காரணம் புரிய அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல் ஆனது.

ஆகவே அப்பாவின் மூளையில் 'லை'யின் வடிவம் பத்திரமாகவே இருக்கிறது. தும்பிக்கை இன்னும் தும்பிக்கைதான். "இவ்வளவு பெரிசாக" என்று சொல்லும் குரல்தான் தேய்ந்துவிட்டது. அவருக்கு உள்ளே வழக்கமான அளவில் எழுதுவது போலத்தான் தோன்றும். குரல் இறங்குவது, அடி சின்னதாவது, கை வீசாதது எல்லாம் அதே கதை. வங்கியில் கேட்ட கேள்விக்கு அவர் தலைகுனிய வேண்டியதே இல்லை. அவர் வழக்கம்போலத்தான் போட்டார்.

இதே மூளையில் வேறு இடம் கெட்டால் எழுத்து வேறு மாதிரி போகும். பின்மண்டையில் இருக்கும் சிறுமூளை பழுதானால் எழுத்து பெரிதாகி, இழுப்புகள் இலக்கைத் தாண்டிப்போகும். சிலருக்கு வேறு எந்த வேலைக்கும் கை சரியாக இருந்து, பேனாவை எடுத்தவுடன் மட்டும் விரல் முறுக்கிக்கொள்ளும். அது மனப்பிரமை என்று நீண்ட காலம் ஒதுக்கப்பட்டது. அதுவும் மூளையின் அசைவுக் கட்டுப்பாட்டில் வரும் கோளாறு என்று இப்போது தெரிந்திருக்கிறது.


கீழக்கரை_பேரன் | புதன், பிற்பகல் 2.20

இந்த இழையைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு விஷயம்.

எங்கள் ஊரில் அரபுத்தமிழ் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. தமிழைத்தான் எழுதுவார்கள், எழுத்து அரபு, வலமிருந்து இடம். என் வாப்பாவின் உம்மா அப்படி எழுதியதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கொழும்பில் இருந்த பாட்டனாருக்குக் கடிதம் அரபுத்தமிழில் போகும். அதை முடித்துவிட்டு, அதே விரல், அதே பேனாவால் தமிழ் எழுத்தில் மளிகைச் சீட்டு எழுதுவார்கள். திசை மாறும்போது கை ஒருமுறைகூடத் தயங்கி நான் பார்த்ததில்லை. ஒரே தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு பாதையை அந்த மூளை வைத்திருந்திருக்கிறது.

அடுத்தது என் கதை. பிறவியில் நான் இடது கைக்காரன். மதரஸாவிலும் பள்ளியிலும் தட்டித் தட்டி வலது கைக்கு மாற்றினார்கள். நாற்பது வருஷம் ஆகிவிட்டது. எழுத்து சுமாராக வரும், ஆனால் அரை பக்கத்தில் கை ஓய்ந்துவிடும். மண்டபத்துத் தம்பி, இப்படி மாற்றினால் மூளையும் மாறிவிடுமா?


மண்டபத்துக்காரன் | புதன், இரவு 9.00

முழுக்க மாறாது. இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றப்பட்டவர்களைப் பெரியவர்களான பிறகு எழுத வைத்து மூளையைப் படமெடுத்த ஆய்வு 2002-ல் வந்தது. வலது கையால் எழுதிக்கொண்டிருக்கும்போதும் மூளையின் வலது பாதி, இயல்பான வலது கைக்காரர்களைவிடக் கூடுதலாக வேலை செய்தது. பல பத்தாண்டு பழக்கத்துக்குப் பிறகும் அப்படி. உங்கள் கை ஓய்ந்துபோவதற்கு அதுவேதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளைகளைத் தட்டி மாற்றக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உலகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடது கைக்காரர். டீச்சர் வகுப்பில் முப்பது பேர் இருந்தால் இரண்டு மூன்று பேர் இருக்கக்கூடும்.


பனங்காடு | புதன், இரவு 10.40

எங்கள் வீட்டில் ஓலைச்சுவடி நாலு கட்டு இருக்கிறது. தாத்தாவின் தாத்தா வைத்தியர். எழுத்தாணியும் இருக்கிறது. இந்த இழையைப் படித்துவிட்டு அதை எடுத்துப் பார்த்தேன், கூடவே பதப்படுத்தாத பனையோலை ஒன்றில் கீறியும் பார்த்தேன்.

இரண்டு விஷயம் கையில் தட்டியது. காகிதத்தில் பேனா ஓடுகிறது, தாள் நிற்கிறது. ஓலையில் இடது கைதான் ஓலையைப் பிடித்து மெல்ல நகர்த்த வேண்டும், இடது கட்டைவிரல் எழுத்தாணிக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு எழுத்தை இரண்டு கையும் சேர்ந்து எழுதுகிறது. நேர்கோட்டை நார் வாக்கில் இழுத்தால் ஓலை கிழிகிறது, வளைத்தால் கிழிவதில்லை. புள்ளி குத்தினால் பொத்துக்கொள்கிறது. சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாததன் காரணத்தைக் கை நேரடியாகச் சொல்லிக்கொடுத்தது.

அடுத்ததுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். கீறும்போது எழுத்து கண்ணுக்குச் சரியாகவே தெரிவதில்லை! விளக்குக்கரியைத் தேய்த்த பிறகுதான் கறுப்பாக எழும்புகிறது. அப்படியானால் அந்தக் காலத்துப் பெரியவர்கள் முக்கால்வாசி கையின் உணர்வை வைத்தே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இருட்டில் எழுதியதற்குச் சமம். இது எப்படி முடிந்தது?


மண்டபத்துக்காரன் | வியாழன், காலை 8.10

ஐயா, இந்த இழையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பதிவு உங்களுடையது. இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை.

தசைக்குள் அதன் நீட்சியை அளக்கும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. கண்ணை மூடினாலும் உங்கள் கை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவது அவற்றால்தான். அது இல்லாமல் போனால் என்ன ஆகும்? 1971-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த 19 வயது இளைஞர் ஒருவருக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும், கை கால் எங்கே இருக்கிறது என்று தெரியும் இந்த உணர்வும் மொத்தமாகப் போய்விட்டன. தசைகள் நன்றாகவே இருந்தன, ஆனால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்தே நடத்தப் பழகினார். நடந்தார், எழுதினார். விளக்கு அணைந்தால் சரிந்து விழுவார். உங்கள் வைத்தியர் தாத்தா அதற்கு நேர் எதிர்முனை. கண் பாதி இல்லை, கையே தன்னைப் பார்த்துக்கொண்டது.

கை அசைவின் நினைவு, மற்ற நினைவுகளிலிருந்து தனியாக இருப்பதற்கும் ஒரு சான்று உண்டு. எச்.எம். என்று அழைக்கப்பட்ட அமெரிக்கருக்கு 1953-ல் மூளை அறுவைக்குப் பிறகு புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியாமல் போனது. பிரெண்டா மில்னர் என்ற உளவியல் ஆய்வாளர், கையைக் கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோட்டுக்குள் அவரை வரைய வைத்தார். மூன்று நாளில் கை தேறிவிட்டது. ஆனால் இதைத் தான் முன்பு செய்தது ஒவ்வொரு முறையும் அவருக்கு நினைவே இல்லை.

கை இல்லாமலும் எழுத்து நிற்கும் என்பதற்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கழுத்துக்குக் கீழே செயலிழந்த ஒருவரின் மூளையில் நுண்ணிய மின்முனைகளைப் பொருத்தி, பேனா பிடித்து எழுதுவதாக மனசுக்குள் முயலச் சொன்னார்கள். மூளையின் குறிப்புகளிலிருந்து கணினி எழுத்துகளைப் படித்தது, நிமிடத்துக்கு 90 எழுத்து. ஸ்டான்ஃபோர்டில் நடந்த இந்த வேலை 2021-ல் வெளியானது. பல வருஷமாக அசையாத கைக்கான பாதை மூளையில் அப்படியே காத்திருந்தது.


உச்சிப்புளி டீச்சர் | வியாழன், மாலை 6.00

அப்படியானால் பிள்ளைகளுக்கு டேப்லெட்டைக் கொடுத்துவிட்டு எழுதுவதைக் குறைப்பது தப்பில்லையா? எங்கள் பள்ளியில் இதைப் பற்றித் தினமும் வாக்குவாதம்.


மண்டபத்துக்காரன் | வியாழன், இரவு 10.15

எழுத்தே தெரியாத சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். 2012-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுத்தைத் தாங்களே எழுதிப் பழகிய பிறகு அதைப் பார்த்தபோது, மூளையில் வாசிப்புக்கான பகுதிகள் வேலை செய்தன. தட்டச்சு செய்து பழகிய எழுத்துக்கு அப்படி ஆகவில்லை. கோணலாக வந்தாலும் தானே எழுத வேண்டும் என்பதுதான் அதில் எனக்குப் பட்டது. அரிசியில் விரலால் 'அ' எழுத வைக்கும் நம் வழக்கத்தில் நல்ல காரணம் இருக்கிறது.

பெரியவர்கள் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கையால் குறிப்பெடுத்தால் பாடம் நன்றாகப் பதியும் என்று 2014-ல் வந்த ஆய்வு உலகமெல்லாம் பரவியது. திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு அந்த அளவு வித்தியாசம் கிடைக்கவில்லை. 2024-ல் நார்வேயில் 36 மாணவர்களின் மூளை மின்னலைகளைப் பதிந்து, கையால் எழுதும்போது மூளைப் பகுதிகள் கூடுதலாகச் சேர்ந்து இயங்குகின்றன என்றார்கள். ஆனால் அதில் தட்டச்சு செய்தவர்கள் ஒரே விரலால் செய்தார்கள், நாம் அப்படித் தட்டுவதில்லையே. டேப்லெட்டை எதிரியாக்க வேண்டாம் டீச்சர். பென்சிலையும் விட்டுவிடாதீர்கள்.


தங்கச்சிமடம்_மகள் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை

மதுரை போய் வந்தோம். டாக்டர் இரண்டு நோட்டையும் மேஜையில் விரித்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், சுருள் வட்டம் வரையச் சொன்னார். பார்க்கின்சன்தான். முழுக்கக் குணமாகாது, ஆனால் மாத்திரையில் நல்ல பலன் இருக்கும் என்றார். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பே போடச் சொல்லியிருக்கிறார். மீன் மாதிரிப் புரதம் நிறைந்த சாப்பாட்டோடு சேர்ந்தால் மருந்து சரியாக ஏறாதாம். மீன் இல்லாமல் சோறு இறங்காத வீடு, அதனால் அம்மா சுவரில் நேரத்தை எழுதி ஒட்டிவிட்டாள்.

இயன்முறை அக்காவையும் நேரில் பார்த்தோம். அவர்கள்தான் இரட்டைக்கோடு நோட்டு வாங்கச் சொன்னார்கள். மேல்கோடு, கீழ்கோடு கண்ணுக்குத் தெரிந்தால், உள்ளே தேய்ந்துபோன அளவை மூளை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளுமாம். அப்பாவிடம் "பெருசா எழுதுங்க" என்று மட்டும் சொன்னார்கள். நான் நம்பவில்லை. கோடில்லாத தாளில் எறும்பாகப் போனது, கோட்டுத் தாளில் எழுத்தாக நின்றது. அப்பா பேனாவை வைத்துவிட்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வங்கியில் இன்னொரு அதிகாரி, மாதிரிக் கையெழுத்தைப் புதிதாகக் கொடுக்கச் சொன்னார். அதற்கு முன் ஒருவர், விரல் ரேகை வைத்துவிடலாமே என்றார். அப்பா, "நான் கைநாட்டு இல்லை" என்றார். குரல் சின்னதாகத்தான் வந்தது, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. கட்டம் போட்டுக்கொடுத்தார்கள். கட்டத்தை நிறைத்துப் போட்டார்.

கச்சான்காற்று அண்ணே, மாமாவைக் காட்டினீர்களா?


கச்சான்காற்று | ஞாயிறு, இரவு 8.30

வருகிற புதன்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன் தங்கச்சி. வலை ஊசியையும் எடுத்து வரட்டுமா என்று மாமா கேட்கிறார். எடுத்து வாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.


தங்கச்சிமடம்_மகள் | ஞாயிறு, இரவு 9.10

நல்லது அண்ணே. அப்பா இப்போது தினமும் காலையில் மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் ஒரு பக்கம் கணக்கு எழுதுகிறார். இன்றைக்கு எழுதியது: "சூடை 2 கிலோ, விலை 160. காரல் 1 கிலோ, விலை 100." இரண்டாவது 'விலை'யில் தும்பிக்கை மேல்கோட்டைத் தொடவில்லை, முக்கால்வாசி வந்திருக்கிறது. படம் எடுத்து இங்கே போடவா என்று கேட்டேன். வேண்டாம், அது தொடும்போது போடு என்றார். நாளைக்குப் பாம்பன் போகும்போது இன்னும் நாலு இரட்டைக்கோடு நோட்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.